திமிர் பிடித்த குதிரை

அந்தக் கல்லுக்குக் கூரை போடப் போகிறீர்களாமே. போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் என் காதுபடத்தானே பேசினீர்கள். குதிரைச் சாமி மழையில் நனைகிறது, தகரம் அடிக்க வேண்டும் என்றார் ஒருவர். தன்னைக் கீழே தள்ளித் தோளை முறித்த குதிரைக்கே கல் நட்டு வைத்தாரே, அந்தத் துரைக்கு எப்பேர்ப்பட்ட மனசு என்றார் இன்னொருவர். என்னோடு ஒரே லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த மூன்றாமவர் பொக்கை வாயைத் திறந்து, "குதிரை கீழ தள்ளுனதுமில்லாம குழியும் பறிச்சுச்சாம், அந்தக் கதைதான். திமிர் புடிச்ச குதிரை" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் கையில் வாங்கிய பொங்கலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கிழவிக்கு என்ன வந்தது என்று பின்னால் கேட்டீர்களாம். என்ன வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் காலத்தை அறிந்தவர்கள் நாம் கொஞ்சம் பேர்தான் மிச்சம். ஒரு பொய்க்குக் கூரையும் போட்டுக் கற்பூரமும் ஏற்றி வைத்துவிட்டுச் சாக என்னால் முடியாது.

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வழியில் நம் தோட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. அப்பா நான் கைக்குழந்தையாய் இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். எங்களுக்கு ஆம்பிளைத் துணை என்று இருந்தது அம்மாவோடு கூடப்பிறந்த அண்ணன், என் மாமா. அவர்தான் துரையின் குதிரைக்காரர். வெள்ளைக் கோட்டும் இடுப்பில் சிவப்புத் துணியும் கட்டிக்கொண்டு அவர் பெரட்டுக்களத்துப் பக்கம் வந்தால், வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற சனமெல்லாம் வழி விடும். அந்த மரியாதையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அவர் அடிக்கடி சொல்வார். அம்மா குதிரைக்குப் புல் வெட்டிப் போடுகிறவள். பத்தனைப் புல்மேட்டில் ஏறி அறுத்து, தன் உயரத்துக்குக் கட்டி, தலையில் சுமந்து வந்து லாயத்தின் பின்வாசலில் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

பிற்காலத்தில் என் பேரன் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது பார்த்தேன். லயத்துக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரே ஒரு கால்தான் வித்தியாசமாம். எழுதினவர் எங்கள் லயத்துக்குள் வந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. லாயத்துக்குப் பலகைத் தரை, ஒழுகாத கூரை, மழைக்காலத்தில் வைக்கோல் மெத்தை. எங்களுக்குச் சாணித் தரை, தலைக்கு மேல் ஒழுக்கு, ஒழுக்குக்குக் கீழே ஒரு தகரம். சாயங்காலம் லாயத்தில் கொள்ளு வேகிற வாசனை வரும்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள் வாயில் எச்சில் ஊற நின்றதை மறந்துவிட்டீர்களா. நான் மறக்கவில்லை. ஆனால் குதிரையை நான் ஒருநாளும் குறை சொல்லவில்லை. கொள்ளை அது கேட்டு வாங்கித் தின்னவில்லை.

துரையின் பழைய குதிரை செத்த பிறகு அந்தப் புதுக் குதிரை வந்தது. எந்தத் தேசத்திலிருந்தோ கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் பண்டாரவளைக்கு வந்தது. ரயில் அதோடு நின்றுவிடுகிற காலம் அது. அங்கேயிருந்து மாமா நடத்தியே கூட்டி வந்தார். பெட்டைக் குதிரை. காய்ந்த புளியம்பழ ஓட்டு நிறம், நெற்றியில் திருநீறு தொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளை. துரை அதற்கு ஏதோ ராணி பேர் வைத்தார். நம் வாயில் அது நுழையவில்லை.

வந்த அன்றைக்கே அது மிரண்டுபோய்த்தான் இருந்தது. இரண்டு காதும் பின்னால் ஒட்டிக் கிடந்தன. யார் கை தூக்கினாலும் கண்ணில் வெள்ளை தெரியும். துரைக்குப் பொறுமை ஏது. கழுத்தில் ஒரு கயிறு, காலில் ஒரு கயிறு, இழுத்துப் பிடிக்க ஆட்கள், அவர் கையில் சாட்டை. முரட்டுத்தனத்தை அடித்து இறக்க வேண்டும் என்றார். அடி விழுகிற சத்தம் லயத்துக்குக் கேட்கும். அடுப்படியில் அம்மா கையை வைத்துக் காதைப் பொத்திக்கொள்வாள். அப்படி அடி விழுந்த ஒரு நாளில்தான் அது பின்னங்காலை வீசியது. உதை மாமாவின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு ஒடிந்து, மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

துரை பெரட்டில் எல்லோர் முன்னாலும் தன் தமிழில் சொன்னார். "பொங்கல் வரைக்கும் பார்க்கிறது. அதுக்கும் ஏற முடியாட்டி சுடுறது." அதற்குப் பிறகு அவர் லாயத்துப் பக்கமே வரவில்லை. பார்த்தால் அன்றைக்கே சுடத் தோன்றும் என்று சொன்னாராம். மலை முழுக்க நடந்தே சுற்றினார். அந்தக் கால்வலிக் கோபமும் நம் தலையில்தான் விழுந்தது.

அம்மாவைப் பழக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. புல்லைப் போட்டு, தண்ணீர் வைத்து, சாணி அள்ளிவிட்டு வா என்றார்கள். அவள் போனாள், நானும் பின்னால் போனேன். முதல் நாள் குதிரை சுவரோடு சுவராக ஒட்டி நின்று நடுங்கியது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதையும் நம்மள மாதிரித்தான் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து மலையில விட்டிருக்காங்க. இதுக்கு மொழியும் தெரியாது, மனுசரும் தெரியாது. பயப்படாம என்ன பண்ணும்?" என்றாள்.

பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புல்லிலிருந்து தொட்டாச்சிணுங்கி முள்ளைப் பொறுக்க ஆரம்பித்தாள். தினமும் அதேதான். அதைப் பார்க்க மாட்டாள், கூப்பிட மாட்டாள், கையை நீட்ட மாட்டாள். உட்கார்ந்து முள் பொறுக்கிக்கொண்டே பேசுவாள். கங்காணி யாரை ஏசினார், யார் வீட்டில் அரிசி தீர்ந்தது, கடல் தாண்டி வரும்போது தன் தாய் என்ன சொல்லி அழுதாள், எல்லாம் பேசுவாள். என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசினவள் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. குதிரைக்கு என்ன புரியும் என்று கேட்டேன். "புரியாதவங்ககிட்டதான்டி பேச முடியும்" என்றாள்.

ஒரு நாள் பின்னேரம், வெளியே மழை கொட்டுகிறது. அவள் தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளி, புல்லுச் சாறு, வெற்றிலை, எல்லாம் கலந்த ஒரு வாடை அவளுக்கு உண்டு. குதிரை மெல்ல மெல்ல வந்து மூக்கை அவள் பிடரியில் வைத்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா உதட்டை அசைக்காமல், "சும்மா இரு" என்றாள். குதிரை கம்பளியின் ஓரத்தைப் பல்லால் பிடித்து மென்று பார்த்தது. அம்மாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. அந்தக் கம்பளியில் மூலை கிழிந்த இடம் அன்றைக்கு வந்ததுதான்.

அதற்குப் பிறகு அட்டை வந்து உதவி செய்தது. மழைக்கால அட்டை மனிதரை விடாது, குதிரையை விடுமா. குளம்புக்கு மேலே கொத்துக் கொத்தாய்த் தொங்கும். அம்மா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து ஒவ்வொன்றாய்த் தொட்டு விழச் செய்தாள். ஆளை உதைத்து எலும்பை முறித்த அதே கால். அது அந்தக் காலைத் தானாகவே தூக்கிக் கொடுத்தது. பசறைச் சந்தையில் வாங்கிய கித்துள் கருப்பட்டியில் எனக்கு ஒரு துண்டு, அதற்கு ஒரு துண்டு. சில நாள் எனக்கு இல்லாமலும் போனது. அம்மா அதைத் தாயி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பிறகு தன் கம்பளியை அதன் முதுகில் போட்டாள். அந்த வாடை தெரிந்ததால் அது பேசாமல் நின்றது. அடுத்துக் கம்பளியின் மேல் ஒரு புல்லுக்கட்டு. பிறகு பெரிய கட்டு. கடைசியில் என்னைத் தூக்கி வைத்தாள். நான் அதன் பிடரி மயிரை இறுகப் பிடித்துக்கொண்டேன். கீழே அது மூச்சு விடுவது என் தொடையில் தெரிந்தது. அடுப்பில் வைத்த சட்டிபோலச் சூடு. லாயத்துக்குப் பின்னால் முள்முருங்கை மரங்களுக்கு நடுவில் அம்மா எங்களைச் சுற்றிச் சுற்றி நடத்தினாள். அவள் வாயில் இரண்டே சொல்தான். நடக்க வேண்டுமென்றால், "போ" என்பாள். மலைக்கு மலை கூப்பிடுகிறவர்கள் இழுக்கிற மாதிரி நீட்டிப் "போ...ஓ" என்பாள். இன்னும் நீட்டினால் அது ஓடும். நிறுத்த, "நில்லு தாயி." அது அடியெடுத்த காலை அப்படியே வைத்து நிற்கும். கயிற்றை இழுக்கவே வேண்டாம். நானும் மேலே இருந்து பால்பல் விழுந்த வாயால் "போ...ஓ" என்பேன். எனக்கும் அது போனது. என் வாழ்க்கையில் நான் சொன்னதைக் கேட்ட முதல் உயிர் அதுதான்.

பொங்கல் நெருங்கும்போது மாமா தடி ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். நேரே லாயத்துக்கு வந்தார். நான் குதிரை மேல் இருக்கிறேன், அம்மா கயிறு பிடிக்காமல் முன்னால் நடக்கிறாள். அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். அம்மா ஓடிப்போய், "அண்ணே, பொழைச்சிருச்சு அண்ணே, இனிச் சுட மாட்டாங்க" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "பொட்டச்சி பழக்குன குதிரைன்னு தெரிஞ்சா தொர ஏறுவாரா? நான் பேசிக்கிறேன், நீ பின்னால நில்லு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். குதிரையின் காது பின்னால் போனது. அம்மா புல்லுக்கட்டுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "நில்லு தாயி" என்றாள். நின்றது. துரை சேணம் போட்டு ஏறி, லாயத்தைச் சுற்றி மெல்ல நடையிலேயே ஒரு வட்டம் வந்தார். பக்கத்திலேயே மாமா ஒரு கையில் தடியும் ஒரு கையில் கடிவாளமுமாய் நொண்டி நொண்டி நடந்து, அவரே பிடித்து நிறுத்தினார். இறங்கிய துரை மாமாவின் தோளில் தட்டினார்.

"நல்லாப் பழக்கியிருக்கு. நீ கெட்டிக்காரன்."

"ஆமாங்க தொர," என்றார் மாமா. கூசாமல் சொன்னார். நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "பேரு யாருக்குப் போனா என்னடி. குதிரை பொழைச்சா போதும்."

துரை போன பிறகு அவள் அண்ணனிடம் கேட்டது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அண்ணே, நான் போன்னா போகவும் நில்லுன்னா நிக்கவும் பழக்கியிருக்கேன். தொர என்ன சொல்லுவாரோ எனக்குத் தெரியாது. இந்த ரெண்டு வார்த்தையையும் அவருகிட்டச் சொல்லிரு. மறந்துராத."

"சொல்றேன்," என்றார்.

அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார். இங்கிலீசுக் குதிரைக்கு ஏன் தமிழ் பழக்கினாய் என்று துரை கேட்பார். நான் பழக்கவில்லை, என் தங்கச்சி பழக்கினாள் என்று சொல்ல வேண்டி வரும். வாங்கின கெட்டிக்காரப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். எத்தனையோ வருசம் துரைமாரின் குதிரையைப் பிடித்தவர், அவர்கள் குதிரையிடம் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாயைப் பூட்டிக்கொண்டார்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது துரை பசறைக்குப் புறப்பட்டார். அதற்கு முதல் நாள் வரை விடாத மழை, அதுவரை அவர் குதிரை ஏறவேயில்லை. கீழ் வண்டிப் பாதை வளைவில் பாதி ரோடு மண்ணோடு சரிந்து போயிருந்தது. நானும் அம்மாவும் அந்த வளைவுக்கு மேலே பத்தனையில் புல் அறுத்துக்கொண்டிருந்தோம். கீழே குதிரை வருகிறது. நல்ல நடையில், கழுத்தைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் பளபளவென்று வருகிறது. அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அப்போது துரை கத்தினார். நான் கேட்டேன், அம்மா கேட்டாள். "போ...ஓ."

அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "பாருடி, அண்ணன் சொல்லியிருக்காரு. தொர நம்ம வார்த்தையைச் சொல்றாரு" என்றாள்.

குதிரை ஓட்டம் பிடித்தது. துரை இன்னும் உரக்க, "போ...ஓ, போ...ஓ" என்று கத்தினார். கத்தக் கத்த அது வேகமாக ஓடியது. அம்மாவுக்கு அப்போதுதான் சரிந்த ரோடு கண்ணில் பட்டது. "ஏன் அங்க போகச் சொல்றாரு, பள்ளம் இருக்கே" என்றாள். வாயில் கையை வைத்து "நில்லு தாயி" என்று கத்தினாள். அவ்வளவு உயரத்திலிருந்து எட்டவில்லை. குதிரை சரிவைத் தாண்டக் குதித்தது. பின்னங்கால் மண்ணில் புதைந்து சாய்ந்தது. துரை தெறித்துத் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தார்.

நாங்கள் விழுந்தடித்து இறங்கிப் போனபோது துரை தோளைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். குதிரை எழுந்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஓடிப் போகவில்லை. விழுந்தவருக்குப் பக்கத்திலேயே கடிவாளம் தொங்க நின்று, எங்களைக் கண்டதும் காதை முன்னால் நிமிர்த்தியது. சொன்னதைச் செய்துவிட்டேனே என்று பார்க்கிற பார்வை. அதைத்தான் நீங்கள் எல்லோரும் திமிர் என்கிறீர்கள்.

லயத்துச் சனம் ஓடி வந்தது. மாமாவும் வந்தார். துரை வலியில் சிவந்துபோய், "நிப்பாட்டச் சொல்லச் சொல்ல ஓடுது, பேய்க் குதிரை, திமிர்க் குதிரை" என்றார். அம்மா முன்னால் போய்க் கும்பிட்டாள். "தொர, நீங்கதானே போ போன்னு சொன்னீங்க. நான் என் காதால கேட்டேன். அதான் அது போச்சு." அவள் சொல்லி முடிக்கும் முன்னால் மாமா அவளைக் கன்னத்தில் அறைந்தார். கூடப்பிறந்த அண்ணன், எல்லோர் முன்னாலும். "தொர ஏன்டி அப்படிச் சொல்லுவாரு, வாயை மூடு" என்றார். நானும் அழுதுகொண்டே, நானும் கேட்டேன் என்றேன். யாரோ என் தலையில் குட்டினார்கள். அன்று சாயங்காலமே லயத்தில் அந்தக் குதிரை குழி பறித்த பழமொழி கிளம்பிவிட்டது. குழி பறித்தவர் தடி ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார், பழி நாலு கால் பிராணி தலையில் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் பின்னேரம் மாமா எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினார்.

"தொர சுடப் போறாரு. ஒத்தக் கைதான் இருக்கு அவருக்கு, குறி நிக்காது. குதிரை ஆளைக் கண்டாலே துள்ளுது. நீ வந்து நிறுத்தணுமாம்."

"நான் மாட்டேன்."

"நீ வரலைன்னா ரெண்டு மூணு குண்டு கண்ட இடத்துல படும். ராத்திரி முழுக்கத் துடிக்கும். நீ வந்தா ஒண்ணோட போயிரும். உன் இஷ்டம்."

அம்மா அடுப்படிக்குப் போனாள். பானைக்குள் கையை விட்டு, மாட்டுப் பொங்கலன்று குதிரைக்குக் கொடுக்கவென்று வைத்திருந்த கருப்பட்டி முழுவதையும் எடுத்து மடியில் கட்டினாள். கம்பளியை எடுத்தாள். நீ வரக் கூடாது என்று என்னிடம் சொன்னாள். நான் போனேன். முள்முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

அவளைக் கண்டதும் குதிரையின் நடுக்கம் நின்றுவிட்டது. வந்து கம்பளியின் கிழிந்த மூலையைக் கவ்விக்கொண்டது. அவள் கருப்பட்டியை ஒவ்வொரு துண்டாய்க் கொடுத்தாள். ஏதோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. துரை ஒரு கையில் கைத்துப்பாக்கியோடு பக்கத்தில் வந்தார். குதிரை தலையைத் தூக்கியது. அம்மா அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

"நில்லு தாயி," என்றாள்.

அது நின்றது. காதைக்கூட அசைக்காமல் நின்றது. சத்தம் கேட்டு மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் எழும்பின.

துரை பிறகு கண்ணைத் துடைத்தாராம். நீங்கள் அதைத்தான் பெரிதாய்ச் சொல்கிறீர்கள். நானும் பார்த்தேன், துடைத்தார். துடைத்துவிட்டு, பதுளையிலிருந்து கல்தச்சரை வரவழைத்து இங்கிலீசில் எழுதி நட்டு வைத்தார். என் அம்மா எதைத் துடைத்தாள் என்று நீங்கள் யாரும் பார்க்கவில்லை. முகம், கழுத்து, ரவிக்கை எல்லாம் ரத்தம். ஓடையில் உட்கார்ந்து இருட்டும்வரை கழுவினாள். அந்தக் கம்பளியை வீட்டுக்குக் கொண்டு வரவேயில்லை. எங்கே போட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிச்ச மழைக்காலம் முழுக்கச் சாக்கைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். அந்த வருசம் லயமெல்லாம் பொங்கல் பொங்கியது, எங்கள் வீட்டில் பானை ஏறவில்லை. மாமா வீட்டில் ஏறியது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். அம்மாவின் வாயில் "நில்லு" என்ற சொல்லே வருவதில்லை. ஓடை பெருகி வரும்போது நான் குறுக்கே ஓடினாலும் ஓடி வந்து கையைப் பிடிப்பாள், அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் பதுளைக் கடைவீதியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு வெள்ளைக்காரர் குதிரையில் வந்து கடை முன்னால் நிறுத்தினார். நிறுத்தும்போது கத்தினார்.

"போ...ஓ."

குதிரை நின்றுவிட்டது.  கடைக்கார நானாவிடம், "நானா, அவர் போன்னுதானே சொன்னாரு? அது ஏன் நிக்குது?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "போ இல்ல புள்ள. வோ. இங்கிலீசுல குதிரைகிட்ட வோன்னா நில்லுன்னு அர்த்தம். குதிரைக்காரங்க எல்லாருக்கும் தெரியுமே" என்றார். குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் துணி எடுக்காமலே வந்துவிட்டேன்.

நேரே மாமா வீட்டுக்குத்தான் போனேன். கிழடு தட்டி, கண் மங்கி, கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். "வோன்னா என்ன மாமா?" என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்டி. உங்களுக்கும் சேத்துத்தான் பார்த்தேன். என்ன, ஒரு குதிரைதானே?"

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. அவர் செத்தபோது நான் போகவில்லை. அதற்கும் நீங்கள் என்னைத்தான் ஏசினீர்கள், பெரிய மனுசர் சாவுக்கு வராத திமிர் பிடித்தவள் என்று. ஆமாம், அந்தத் திமிர் எனக்கு உண்டு, யாரிடமும் மறுக்கப் போவதில்லை.

அந்தத் துரைக்கு நம்மை விரட்டுகிற அளவு தமிழ் தெரியும். வா, போ, சுருக்கா, எல்லாம் தெரியும். தன் வாயிலிருந்து வருகிற சத்தம் எங்கள் காதில் எப்படி விழும் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. நம்மில் ஒருத்தர்கூட, ஒரு பொம்பிளையும் ஒரு பிள்ளையும் ஒரே பேச்சாய்ச் சொல்கிறார்களே, என்னவாக இருக்கும் என்று நின்று கேட்கவில்லை. பழமொழி சொல்லிச் சிரிக்க மட்டும் நேரம் இருந்தது. இப்போது கூரை போட வருகிறீர்கள். போடுங்கள், தகரம் வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று இன்னொரு தரம் அந்த வார்த்தையைச் சொன்னால், இந்தத் தள்ளாத வயதிலும் நான் வந்து வாயிலேயே போடுவேன்.

அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். பதுளையிலிருந்து வந்த அன்றைக்கே சொன்னேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துரை சொன்னது போ இல்லை, வோ, நில் என்று அர்த்தம் என்றேன். அவள் கை கீரையிலேயே நின்றுவிட்டது. முதலில் அவள் குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப அண்ணன் தொரைகிட்டச் சொல்லவே இல்லையா?"

"இல்லம்மா."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மேலே பத்தனையில் வெயில் இறங்கும்வரை கீரை ஆய்ந்தாள். பிறகு, அத்தனை வருசம் வாயில் எடுக்காத அந்தச் சொல்லை, குதிரை செத்த பிறகு முதலும் கடைசியுமாக, என் முன்னால் சொன்னாள்.

"அவர் சொன்னது அது காதுல போன்னு விழுந்துச்சு. போச்சு. நான் நில்லுன்னேன். நின்னுச்சு. சொன்ன பேச்சை ஒருநாளும் தட்டலையேடி அது. அதுக்கா திமிருங்கிறாங்க?"